குற்றம் வெயிலில் இல்லை

போன ஞாயிற்றுக்கிழமை பேத்தி வந்திருந்தாள். ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடத்து ஹேண்ட்பால் அணியில் நன்றாக ஆடுகிறவள். "அடுத்த மேட்ச் எப்பம்மா?" என்று கேட்டேன். "நான் டீம்லேருந்து வந்துட்டேன் தாத்தா" என்றாள். ஏன் என்றதற்குப் பதில் இல்லை. பையிலிருந்து ஒரு சின்ன டியூபை எடுத்தாள். சாயங்காலம் ஆறு மணிக்கு, வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, பட்டாணி அளவு பிதுக்கி முகத்தில் தடவிக்கொண்டாள். சன்ஸ்க்ரீனாம்.

காரணத்தை மகள்தான் சொன்னாள். "கிரவுண்ட்ல நின்னு நின்னு கறுத்துப் போறாப்பா. போன வருஷ போட்டோவையும் இப்ப இருக்கிறதையும் பாருங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கறுத்தால் என்ன, பிள்ளை ஓடி ஆட வேண்டாமா என்று பத்து நிமிஷம் பேசினேன். மகள் பொறுமையாகக் கேட்டாள். கடைசியில், "நான் பத்தாவது படிக்கும்போது என்.சி.சி.யில சேர்றேன்னு வந்து நின்னேனே, நீங்க என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்காப்பா?" என்றாள்.

ஞாபகம் இருக்கிறது. 'வெயில்ல பரேடு பண்ணி கறுத்துட்டா நாளைக்கு எவன் வந்து பொண்ணு கேப்பான்?' என்றுதான் சொன்னேன். பிறகு அவளுக்கு வரன் தேடிப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தபோது, ஒவ்வொரு வார்த்தையாகக் காசு எண்ணிச் சுருக்கிய நான், 'சிவந்த நிறம்' என்ற இரண்டு வார்த்தையை மட்டும் அடிக்கவில்லை.

ஆகவே, இன்றைக்கு நான் திட்டப் போகிறவர்கள் வரிசையில் முதல் ஆள் நானே. அதைச் சொல்லிவிட்டு மற்றவர்களிடம் வருகிறேன்.

நான் படித்தது பிரெஞ்சு மீடியம். 1954 நவம்பரில் புதுச்சேரி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்துவிட்டது என்றாலும், நான் பள்ளியில் சேர்ந்த காலத்தில் பிரான்ஸிலிருந்து வந்த ஆசிரியர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் தலையில் காஸ்க் இல்லாமல் வகுப்பை விட்டு வெளியே வரமாட்டார். காஸ்க் என்றால் நெட்டியில் செய்து மேலே துணி போர்த்திய அந்தக் காலத்துத் துரைமார் தொப்பி. நாங்கள் வெறுந்தலையோடு மைதானத்தில் நிற்போம். அவர் தாழ்வார நிழலில், தொப்பியையும் கழற்றாமல் நின்று விசில் ஊதுவார். வெயில் பட்டுத் தோல் வெந்து சிவந்து போவதற்கு அவர்கள் மொழியில் 'கூ த் சொலேய்' என்று பெயர். சூரியன் அடித்த அடி என்று அர்த்தம். நாமும் வெயில் அடிக்கிறது என்றுதானே சொல்கிறோம், ஆனால் நமக்கு அது வானிலைச் செய்தி, அவருக்கு அது உடம்பில் விழும் அடி என்று அப்போது எனக்குத் தோன்றியதுண்டு.

அதே மனிதரை லீவு நாளில் கடற்கரையில் பார்த்தேன். தொப்பி இல்லை, சட்டையும் இல்லை. உடம்பெல்லாம் எண்ணெய் தடவிக்கொண்டு மணலில் கிடந்தார். 'ப்ரோன்ஸே' செய்கிறார் என்றான் கூட வந்த பையன். வெண்கல நிறம் ஏற்றிக்கொள்வது. வாரமெல்லாம் வெயிலுக்குப் பயந்தவர் லீவு நாளில் காசு கொடுத்து வாங்கிய எண்ணெயோடு வெயிலில் கிடக்கிறாரே என்று எங்களுக்கு ஒரே சிரிப்பு.

பின்னாளில் படித்துத்தான் புரிந்தது. பிரான்ஸிலும் ஒரு காலத்தில் சீமாட்டிகள் குடை பிடித்து வெளுப்பைக் காப்பாற்றினார்கள். வயலில் உழைக்கிறவள் கறுப்பாக இருந்தாள், அதனால் வெளுப்பு அந்தஸ்தாக இருந்தது. பிறகு ஏழை ஜனங்கள் தொழிற்சாலைக்குள்ளும் சுரங்கத்துக்குள்ளும் போய் வெளுத்தார்கள். கடற்கரையில் கிடக்க நேரமும் காசும் இருப்பவர்கள் மட்டும் பழுப்பானார்கள். நடுவில் டாக்டர்களும் வெயிலுக்கு நற்சான்று கொடுத்தார்கள். ஒளியைக் கொண்டு தோல் காசநோய்க்குச் சிகிச்சை செய்த டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சனுக்கு 1903இல் நோபல் பரிசே கிடைத்தது. 1920களில் கோகோ ஷனேல் போன்றவர்கள் பழுப்பை நாகரிகமாக்கினார்கள். 1930களில் லோரியால் கம்பெனி 'ஆம்ப்ர் சொலேர்' என்ற எண்ணெயை விற்றது. எதற்கு? வேகாமல் பழுப்பதற்கு!

அங்கே கறுப்பதற்கு உதவும் என்று விற்ற சரக்கின் வம்சத்தைத்தான், இங்கே கறுக்காமல் இருக்க உதவும் என்று நம் பிள்ளைகளிடம் விற்கிறார்கள். இரண்டு இடத்திலும் ஒரே கணக்குதான். உழைப்பவனின் நிறம் எதுவோ, அது நமக்கு வேண்டாம். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளை நகரம், மேற்கே கறுப்பு நகரம் என்று பெயர் வைத்திருந்த ஊரில் பிறந்தவன் நான். எனக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

சிவப்பழகு க்ரீம் இந்தியாவில் 1975இல் 'ஃபேர் அண்ட் லவ்லி' என்று வந்தது. 2020இல்தான் உலகமெல்லாம் திட்டிய பிறகு 'ஃபேர்' போய் 'குளோ' ஆயிற்று. பெயர் மாறியது, பயம் அப்படியே இருக்கிறது. அந்தப் பயத்தின் இடத்தில் இன்று வந்து உட்கார்ந்திருப்பது சன்ஸ்க்ரீன்.

சன்ஸ்க்ரீன் கெட்ட பொருள் என்று நான் சொல்லவில்லை. நல்ல பொருளைப் பொய்யான காரணத்துக்கு விற்கிறார்கள் என்கிறேன். பேத்தியின் டியூபை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். குமாஸ்தா புத்தி, சின்ன எழுத்தை விடாது. எஸ்.பி.எஃப். 50 என்று இருந்தது. 30 என்றால் தோலைச் சிவக்க வைக்கும் கதிரில் முப்பதில் ஒரு பங்கு உள்ளே போகும். 50 என்றால் ஐம்பதில் ஒரு பங்கு. சதவீதத்தில் பார்த்தால் அது சுமார் 97 தடுக்கிறது, இது 98 தடுக்கிறது. இந்த ஒரு சதவீதத்துக்குத்தான் கூடுதல் விலை.

அந்த எண்ணும் ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் தடவி எடுத்த எண். முகத்துக்கும் கழுத்துக்கும் ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால்தான் அந்த அளவு வரும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி தடவ வேண்டும். வியர்த்தாலும் துடைத்தாலும் அதற்கு முன்பே. பட்டாணி அளவில் ஒரு தடவை தடவினால் டியூபில் எழுதியிருக்கும் 50 முகத்துக்கு வந்து சேராது. இன்னொன்று. நம்மைப் போன்ற தோல், புற ஊதாக் கதிரால் மட்டுமல்லாமல் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தாலும் கறுக்கும். சாதாரண க்ரீம் அதைத் தடுக்காது. ஆக 'கறுக்காது' என்று காட்டும் ஆசையே அரைகுறை வாக்குறுதி.

இதைச் சொன்னதும் என் வயதுக்காரர்கள் கை தட்டுவார்கள். "நம்ம தாத்தா பாட்டியெல்லாம் என்ன க்ரீமா பூசினாங்க? அதெல்லாம் விஷம் சார், நம்ம தோலுக்கு ஒண்ணும் ஆகாது" என்று வாட்ஸ்அப்பில் தினம் ஒன்று வருகிறது. மன்னிக்கவும், அவர்கள் பக்கமும் நான் இல்லை.

நம் தோலில் உள்ள கறுப்பு ஒரு காப்புதான். வெள்ளையரைவிட நமக்குத் தோல் புற்றுநோய் மிகக் குறைவு என்பதும் உண்மைதான். அதற்காக வெயில் நம்மை ஒன்றுமே செய்யாது என்று ஆகிவிடாது. கடலோரக் குப்பங்களில் போய்ப் பெரியவர்கள் கண்ணைப் பாருங்கள். வெள்ளை விழியிலிருந்து கருவிழி மேல் சதை ஏறியிருப்பதைப் பலரிடம் காணலாம். வருஷக்கணக்கில் தண்ணீர் மேல் பட்டுத் திரும்பும் வெயிலுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. கண்புரைக்கும் வெயில் ஒரு காரணம். வெண்புள்ளி உள்ளவர்களுக்கு அந்த இடத்தில் காப்பு கிடையாது. பிறவியிலேயே நிறமி இல்லாதவர்களுக்கு உடம்பு முழுக்கவே கிடையாது. அவர்களுக்கு சன்ஸ்க்ரீன் அலங்காரச் சாமானா? மருந்து. அதை மருந்தாகப் பாவித்து இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. நம்மைப் போன்ற பென்ஷன்காரர்களுக்கும் ஒரு விஷயம்: பிரஷருக்குக் கொடுக்கும் மாத்திரைகளில் ஹைட்ரோகுளோரோதையஸைடு கலந்தது, கிருமிக்குக் கொடுக்கும் டாக்ஸிசைக்ளின் போன்றவை, தோலை வெயிலுக்குக் கூச வைக்கும். டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி வெயிலே படாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு வருகிறேன். இது என் வீட்டுக் கதை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் என் மனைவி பாத்ரூமில் வழுக்கி விழுந்தாள். பெரிய விழுகை இல்லை, உட்கார்ந்தபடிதான் விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷனுக்குப் பிறகு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். வைட்டமின் டி 20க்குக் கீழே போனாலே குறைவு என்பார்கள். அவளுக்கு 9. "வெயில் கொட்டற ஊர்ல இருந்துகிட்டு எப்படிங்க?" என்று அவள் கேட்டாள். எனக்கும் அதே கேள்விதான்.

பழைய வீட்டில் எங்களுக்கு முற்றம் இருந்தது. அரிசி புடைப்பது, மிளகாய் காயவைப்பது, தலை உலர்த்துவது எல்லாம் அங்கேதான். வெயில் வீட்டுக்குள்ளேயே இருந்தது. தெருப்பக்கம் தாழ்வாரம் இறக்கி, நடந்து போகிறவனுக்கு நிழல் கொடுத்தார்கள். வெயிலும் நிழலும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. மாடி ஃப்ளாட்டுக்கு வந்த பிறகு முற்றம் போயிற்று. மனைவி காலையில் கண்ணாடி ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பேப்பர் படிப்பாள். வெயில் படுகிறதே, போதும் என்று நினைத்துக்கொண்டோம்.

கண்ணாடி செய்யும் வேலை என்ன தெரியுமா? வைட்டமின் டி உண்டாக்கும் குட்டையான கதிரை அது பெரும்பாலும் நிறுத்திவிடும். தோலைக் கறுக்கவும் சுருங்கவும் வைக்கும் நீண்ட கதிரைப் பெருமளவு உள்ளே விட்டுவிடும். லாபம் வெளியே நிற்க, நஷ்டம் மட்டும் ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது.

இன்னொரு நம்பிக்கையும் தகர்ந்தது. 'காலை இளவெயில் நல்லது, அதில்தான் வைட்டமின் இருக்கிறது' என்று சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். இளவெயில் இதமானதுதான். ஆனால் சூரியன் தாழ்ந்திருக்கும்போது அதன் கதிர் காற்று மண்டலத்தில் நெடுந்தூரம் சாய்வாக வருகிறது. வைட்டமின் செய்யும் கதிர் வழியிலேயே வடிகட்டப்பட்டுவிடும். திருப்பதியில் செய்து 2013இல் வெளியான ஆய்வு, காலை 11 மணியிலிருந்து மதியம் 2 மணி வரைதான் நம் பக்கத்தில் வைட்டமின் டி நன்றாக உண்டாகிறது என்று காட்டியது. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால், அந்த வெயிலில் சத்து இருக்கிறது.

அதே குட்டை நிழல்தான், 'ஒதுங்கு' என்பதற்கும் அடையாளம். இங்கேதான் விளம்பரக்காரரும் வாட்ஸ்அப்காரரும் சேர்ந்து தவறுகிறார்கள். நல்ல வெயில் ஒரு நேரம், கெட்ட வெயில் வேறு நேரம் என்று பிரிக்க முடியாது. கொடுப்பதும் கெடுப்பதும் ஒரே வெயில். எத்தனை நிமிஷம், யாருடைய தோல் என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது. நம் நிறத்துக்கு, கையும் காலும் திறந்திருக்க, வாரத்தில் சில நாள் பதினைந்திலிருந்து முப்பது நிமிஷம் என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. வெளுத்த தோலுக்கு அதைவிடக் குறைவாகப் போதும். மூன்று மணி நேரம் நிற்பவருக்கு அதே வெயில் கேடு. மார்கழி மதியம் காற்று குளுகுளு என்று இருப்பதை நம்பியும் ஏமாறக் கூடாது. வெப்பம் வேறு, புற ஊதாக் கதிர் வேறு.

கிழவர்களுக்கு இன்னொரு கஷ்டம். எழுபது வயதுத் தோல், இருபது வயதுத் தோல் செய்வதில் பாதி வைட்டமின்கூடச் செய்யாது. மத்தி மீன், முட்டை மஞ்சள் கரு தவிர நம் சாப்பாட்டில் அது பெரிதாகக் கிடையாது. ஆகவே எங்களுக்கு மாத்திரை தேவைப்படலாம். ஆனால் அதிலும் அளவு. என் சிநேகிதர் ஒருவர், டாக்டர் வாரம் ஒன்று என்று எழுதிய 60,000 யூனிட் மாத்திரையை 'சத்துதானே' என்று தினம் ஒன்றாகச் சில மாதம் விழுங்கினார். ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறி, வாந்தியும் மயக்கமுமாக ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தார்.

கடைசியாக ஒரு கோப்பைப் பற்றிச் சொல்லாமல் இதை முடித்தால் எனக்குத் தூக்கம் வராது.

எண்பதுகளில், நான் வேலை பார்த்த இலாகாவில், தார் ரோடு போடும் மஸ்டர் ரோல் ஆட்களுக்கு ஓலைத் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் வாங்கித் தரலாம் என்று ஒரு இளம் இன்ஜினியர் எழுதி அனுப்பினார். பெரும்பாலும் பெண்கள். கீழே தார்ச் சூடு, மேலே உச்சி வெயில். கோப்பு என் மேஜைக்கு வந்தது. விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துக் குறிப்பு எழுதினேன்: தொப்பியும் சட்டையும் சீருடையில் அடங்கும், மஸ்டர் ரோல் ஆட்களுக்குச் சீருடை வழங்க விதிகளில் இடமில்லை, கோப்பை முடித்துவிடலாம். மேலே கையெழுத்தாகி வந்தது. அதே மாதம் எங்கள் செக்‌ஷன் ஜன்னல்களுக்குத் திரைச்சீலை வாங்கும் கோப்பும் வந்தது. மதியத்தில் வெயில் முகத்தில் அடிக்கிறது என்று. அதற்கு விதியில் இடம் இருந்தது. அதையும் நான்தான் எழுதினேன்.

விதிப்படி இரண்டு குறிப்பும் சரி. இன்றைக்கும் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. அதனால்தான் சொல்கிறேன்.

இப்போது நம் ஊரில் கோடையில் சிக்னல்களில் பச்சை வலைப் பந்தல் போடுகிறார்கள். நல்ல காரியம். இரண்டு நிமிஷம் நிற்கும் பைக்காரருக்கு நிழல் கிடைக்கிறது. அந்தப் பந்தலைக் கட்டுகிறவன் தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்று பார்த்தீர்களா? நம் பிள்ளைகள் கட்டட வேலைக்குப் போகும் அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30 முதல் 3 மணி வரை திறந்த வெளியில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம். பக்கத்துக் கேரளத்தில் கோடையில் உச்சி நேர வேலையை மாற்றி வைக்க உத்தரவு போடுகிறார்கள். நமக்கும் அப்படி வேண்டும். நேரத்தை மாற்று, நிழல் கட்டு, தொப்பி கொடு, கூலியைக் குறைக்காதே. வெயிலில் எட்டு மணி நேரம் நிற்பவளுக்கு ஒன்றும் கிடையாது, ஏ.சி. அறையில் இருப்பவளுக்கு எஸ்.பி.எஃப். 50 என்ற ஏற்பாட்டை எந்த வைத்திய சாஸ்திரமும் சொல்லவில்லை.

பேத்தி கிளம்பும்போது அவளை உட்கார வைத்து இதில் பாதியைச் சொன்னேன். "அப்ப இதைத் தூக்கிப் போட்டுடவா தாத்தா?" என்று டியூபைக் காட்டினாள். "வேண்டாம் கண்ணு, ரெண்டு விரல் அளவு போட்டுக்கிட்டு விளையாடப் போ. தொப்பி வெச்சுக்கோ. ரொம்ப நேரம் ஆடினா மறுபடி தடவிக்கோ. அது நீ வெந்து போகாம இருக்கத்தான், கறுக்காம இருக்க இல்ல" என்றேன். மகள் பக்கம் திரும்பி, முப்பது வருஷம் தாமதமாக, "என்.சி.சி. விஷயத்துல நான் சொன்னது தப்பும்மா" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. பேத்தியின் ஷூவை எடுத்துப் பையில் வைத்தாள்.

நேற்று போன் வந்தது. செவ்வாய்க்கிழமையிலிருந்து மறுபடி பிராக்டிஸ் போகிறாளாம். நானும் மனைவியும் இப்போது பதினொன்றரை மணிக்கு மொட்டை மாடியில் இருபது நிமிஷம் உட்காருகிறோம். அவள் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வருகிறாள். நிழல் குட்டையாக இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை.